மணி அடிப்பதற்கு முன்: காவிரி டெல்டாவில் தீயணைப்புப் பணிக்கு வருகிறவர்களுக்கு

ஏப்ரல், மே மாதங்களில் தஞ்சாவூர்ப் பக்கம் கீற்றுக் கூரைகள் சருகாகக் காய்ந்திருக்கும். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர்கள் வீட்டுக்கு வீடு நிற்கும். அதே மாதங்களில்தான் வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் வெறும் மணல் கிடக்கும். வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடும் மேட்டூர் அணையை ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். ஆக, தீ அதிகம் வரும் காலத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் கரைபுரளும் காலத்தில் தீ குறைந்துபோய், ஆற்றில் விழுந்தவரைத் தேடச் சொல்லி அழைப்பு வரும். டெல்டாவில் இந்த வேலைக்கு வருகிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

நான் தீயணைப்பாளராகச் சேர்ந்து, முன்னணித் தீயணைப்பாளராகி, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். தஞ்சை நகரத்திலும் டெல்டாவின் சின்ன நிலையங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் வந்து "ஃபயர் சர்வீஸ்ல சேரணும், என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தீயோடு மோதும் நேரம் இந்த வேலையில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரம் எப்படிப் போகும் என்பது மணி அடிப்பதற்கு முன் நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சேர்வதற்கு முன்

தீயணைப்பாளர் பதவிக்கென்று தனித் தேர்வு கிடையாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தேர்வு நடத்துகிறது. 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். பொதுப் பிரிவுக்கு வயது 18 முதல் 26 வரை. மற்ற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. அண்மை அறிவிக்கைகளில் சம்பளம் 18,200 – 67,100 ரூபாய் என்ற நிலையில் வந்திருக்கிறது.

எழுத்துத் தேர்வில் முதலில் வருவது தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த பகுதி கணக்கில் வரும். நம் பிள்ளைகள் தமிழ்தானே என்று இதைப் படிக்காமல் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிறகு முதன்மைத் தேர்வுக்கு 70 மதிப்பெண், உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 167), மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏறுவதில் 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. நட்சத்திரத்தைப் பொறுத்துத்தான் மதிப்பெண். விதிகள் மாறும் என்பதால் ஒவ்வொரு அறிவிக்கையையும் வரிவரியாகப் படியுங்கள்.

கயிறு ஏறுவதில்தான் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். வீட்டருகே புளியமரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி ஆறு மாதம் ஏறுங்கள். கையை மட்டும் நம்பாமல் பாதத்தால் கயிற்றைப் பின்னிப் பிடித்து உடம்பைத் தள்ளப் பழகுங்கள். ஆற்றங்கரைக்காரர்கள் ஓடுகிற தண்ணீரில் நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். குளத்தில் நீந்துவது வேறு, கொள்ளிடத்தில் நீந்துவது வேறு. கனரக வாகன உரிமம் எடுக்க முடிந்தால் எடுத்து வையுங்கள்.

பட்டம் படித்தவர்கள் நேராக நிலைய அலுவலர் தேர்வு எழுதலாம். பெண்களும் அதிகாரிகளாக வருகிறார்கள். 2003-ல் அதிகாரிகளாக வந்த மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் இருவரும் இந்தியாவிலேயே இந்தத் துறைக்கு முதலில் வந்த பெண் அதிகாரிகளில் அடங்குவார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் தீயில் பிரியா பலத்த தீக்காயம் அடைந்தார். அதே இடத்தில் முன்னணித் தீயணைப்பாளர் ஒருவர் உயிரை விட்டார். வீட்டில் அரசாங்க வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

பயிற்சியில் கையில் ஏற வேண்டியவை

தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கேயும் மற்ற பயிற்சி இடங்களிலும் சொல்லித் தருவதெல்லாம் தேவைப்படும். ஆனால் மூன்று விஷயங்கள் யோசிக்காமலே கை செய்கிற அளவுக்கு வர வேண்டும்.

ஒன்று முடிச்சு. போலைன், கிளவ் ஹிட்ச், ஆளை இறக்கும் நாற்காலி முடிச்சு இவற்றை முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பழகுங்கள். கிணற்றுக்குள் இறங்குபவரின் உயிர் உங்கள் முடிச்சில் தொங்கும், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில்.

இரண்டாவது ஹோஸ். 63 மி.மீ. குழாய் 15 மீட்டர் நீளத்துக்கு விரிந்து தண்ணீர் ஏறிவிட்டால், உள்ளே நிற்கிற தண்ணீரே 45 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை வளைத்து ஒரு சந்துக்குள் கொண்டுபோவது மல்யுத்தம் மாதிரி. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே ஹோஸை எங்கே திருப்ப வேண்டுமோ அங்கே கொண்டுபோய்விடுங்கள். கிளைக்குழாயை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனையை, பிடிப்பவருக்குப் பின்னால் ஒருவர் தோள் கொடுத்து நிற்க வேண்டும். தனியாகப் பிடிக்கிற வீரம் வேண்டாம்.

மூன்றாவது மூச்சுக் கருவி. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் 1800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 45 நிமிடம் வரும். அது காகிதக் கணக்கு. ஆளைத் தூக்கிக்கொண்டு படி ஏறினால் பாதியிலேயே, காற்று தீரப்போகிறது என்று கருவி விசில் அடிக்கும். விசில் அடித்த பிறகு கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள். போன தூரம் திரும்பி வரவும் காற்று வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு முன்பே திரும்புங்கள்.

ஊரை நடந்து பாருங்கள்

புதிய நிலையத்தில் சேர்ந்ததும் எல்லோரும் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார்கள். அது சரிதான். ஆனால் முதல் மாத ஓய்வு நாட்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் எல்லையைச் சைக்கிளில் சுற்றுங்கள். எனக்கு ஒரு மூத்த அண்ணன் இதைச் சொல்லிக் கொடுத்தார். இதைவிட உபயோகமான பாடம் எனக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் தண்ணீரை எழுதுங்கள். நீர்தாங்கி வண்டியில் சாதாரணமாக 4500 லிட்டர் இருக்கும். ஒரு கிளைக்குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் பத்து நிமிடத்தில் டேங்க் காலி. பதினோராவது நிமிடத்துக்கு எங்கே போவீர்கள்? சித்திரையில் வற்றாத குளம் எது, யாருடைய ஆழ்குழாய்க் கிணறு பெரிய மோட்டார், அந்த மிராசுதாரின் கைபேசி எண் என்ன, ரைஸ்மில் தொட்டி எவ்வளவு கொள்ளும், இதெல்லாம் நோட்டில் இருக்க வேண்டும். பம்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நடைமுறையில் சுமார் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருந்து உறிஞ்சாது. கரையில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு கீழே என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒரு கோடை மதியம் மூன்று கூரைகள் எரிகின்றன என்று போனோம். டேங்க் தீர்ந்ததும் பக்கத்துக் குளத்தில் உறிஞ்சு குழாயைப் போட்டேன். குளம் முழுக்க ஆகாயத்தாமரை. வடிகட்டியில் வேர் சுற்றி அடைத்துக்கொண்டது. எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி இறக்கினால் மறுபடி அடைப்பு. அந்த நேரத்துக்குள் இன்னும் இரண்டு வீடுகள் எரிந்தன. அதில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த சாமான் இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா எங்களைத் திட்டவில்லை. திண்ணை இருந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து வண்டியில் ஒரு பிரம்புக் கூடை வைத்துக்கொள்வேன். வடிகட்டியைக் கூடைக்குள் வைத்துக் கட்டி, ஒரு கயிற்றால் தூக்கிப் பிடித்து, சேற்றில் படாமலும் மேலே மிதக்கும் தாமரையில் மாட்டாமலும் நடுவில் நிறுத்த வேண்டும். நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள்.

அடுத்து பாதை. டேங்க் தண்ணீர் மட்டுமே நாலரை டன். வாய்க்கால் மேல் இருக்கும் சின்னப் பாலங்களில் எது அதைத் தாங்கும், மழைக்குப் பின் எந்த ஆற்றங்கரைச் சாலை இறங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கும்பகோணம் மாதிரி கோயில் ஊர்களில் தேர் ஓடும் வீதி அகலமாக இருக்கும். அதிலிருந்து பிரியும் சந்துகளில் வண்டி திரும்பாது. எந்தச் சந்துக்கு எத்தனை ஹோஸ் நீளம் என்று நடந்து அளந்து வையுங்கள். திருவிழா நாளில் சுவாமி புறப்பாடு எந்த வீதியில் எந்த நேரத்தில் என்று கோயில் அலுவலகத்தில் கேட்டு நிலையத்துப் பலகையில் எழுதிவிடுங்கள்.

அப்புறம் பெயர். டெல்டாவில் மேலத்தெரு, கீழத்தெரு இல்லாத ஊரே கிடையாது. 101-ல் பதற்றத்தோடு பேசுபவர் "மேலத்தெருவுல தீ" என்று சொல்லி வைத்துவிடுவார். தொலைபேசி எடுப்பவர் நிதானமாக ஊர், பஞ்சாயத்து, பக்கத்துப் பேருந்து நிறுத்தம், ரேஷன் கடையா பள்ளிக்கூடமா எது அருகில், பேசுபவரின் எண் என்று வாங்க வேண்டும். மெயின் ரோட்டில் ஓர் ஆளை டார்ச்சோடு நிற்கச் சொல்லுங்கள். வண்டி அதற்குள் கிளம்பியிருக்க வேண்டும். மீதி விவரம் வழியில் வரட்டும்.

தீ அழைப்பு: கூரை, வைக்கோல், கேஸ்

வண்டி கிளம்பும்போதே புகையின் நிறத்தையும் காற்றின் திசையையும் பாருங்கள். தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும்.

கூரை வீட்டில் புதியவர்கள் செய்யும் தவறு, முழுசாக எரிகிற வீட்டின் மேல் முதல் தண்ணீரை அடிப்பது. அது பெரும்பாலும் போய்விட்ட வீடு. உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்த பிறகு, காற்று போகும் திசையில் இருக்கும் அடுத்த கூரையை நனையுங்கள். அதற்கும் அடுத்த வீட்டில் ஊர் இளைஞர்களை விட்டுக் கீற்றைப் பிரித்து இடைவெளி உண்டாக்குங்கள். தெரு தப்பிக்கும். இதைச் செய்யும்போது எரிகிற வீட்டுக்காரர் உங்கள் சட்டையைப் பிடித்து "என் வீட்ட பாக்க மாட்டியா" என்று அழுவார். கையைத் தட்டிவிடாதீர்கள். ஒருவர் அவரோடு நின்று பேச வேண்டும், அதையும் வேலையாகவே ஒருவருக்குக் கொடுங்கள்.

ஆள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றால் அடுத்த கேள்வி: "பெட்டி எங்கே இருக்கு?" ரேஷன் அட்டை, பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். எட்டுகிற இடத்தில் இருந்தால் அந்த மூலையை நனைத்துக் காப்பாற்றப் பாருங்கள். பல வீடுகளில் இரும்புப் பெட்டி வெளியே கருகி உள்ளே காகிதம் பிழைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சூடான பெட்டியை உடனே திறக்காமல் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டுத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு உள்ளிருப்பது பற்றிக்கொள்ளும்.

வைக்கோல் தீ மேலே அணைந்து உள்ளே வாழும். போரின் மேல் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் வழிந்து ஓடிவிடும். நடுவில் கங்கு கனிந்துகொண்டே இருக்கும். பிரிக்க வேண்டும், வேறு வழியில்லை. ஜேசிபி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கவைக்கோல். ஒரு பக்கமாகப் பிரித்து, பிரித்ததை நனைத்து, தள்ளிப் பரப்பி, மறுபடி பிரிக்க வேண்டும். ஒரு பெரிய போருக்கு ராத்திரி முழுக்க ஆகும். போர் மேல் ஏறி நிற்காதீர்கள். உள்ளே கருகிக் குழியாகியிருந்தால் கால் அப்படியே உள்ளே போய்விடும். ஈரம் காயாத வைக்கோலை இறுக்கிப் போர் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றுவதும் உண்டு. இதை விவசாயிகளிடம் அறுவடைக் காலத்தில் சொல்லுங்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தாழ்வான மின்கம்பியில் உரசிப் பற்றினால், ஓட்டுநர் குடிசைகளைத் தாண்டி வெட்ட வெளிக்குப் போய் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேஸ். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும். திரவமாக இருக்கும்போது சின்னது. ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றத் தயார். வாசனை வருகிற வீட்டில் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மெயினை வெளியே நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். சிலிண்டர் வாயில் தீ எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட வழி இருந்தால்தான் அதை அணைக்க வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி வால்வைத் திருகலாம். மூட முடியாது என்றால் எரியவிட்டுச் சிலிண்டரைத் தண்ணீரால் குளிர வைத்துக்கொண்டே இருங்கள். தீயை அணைத்து வாயுவை மட்டும் கசியவிட்டால் அடுத்த பொறியில் வீடே போகும். தீக்குள் கிடக்கும் சிலிண்டர் சீறுகிற சத்தம் ஏறிக்கொண்டே போனால் எல்லோரையும் இழுத்துக்கொண்டு பின்வாங்குங்கள். அந்த நேரத்தில் மூத்தவர் "வா" என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது.

மின்கம்பி

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. கம்பி சம்பந்தப்பட்ட எந்த அழைப்பிலும் மின்வாரியத்திடமிருந்து "லைன் கட்" என்று வாயால் உறுதி வாங்காமல் யாரும் கிட்டே போகக் கூடாது. கம்பி கீழே விழுந்திருந்தால் அதைச் சுற்றி ஈரத் தரையே கொல்லும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் மின் அழுத்த வித்தியாசம் இருக்கும். அங்கே மாட்டிக்கொண்டால் பாதங்களை ஒட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்து வெளியே வர வேண்டும். உதவிக்கு ஓடிவரும் சொந்தக்காரர்களைத் தடுப்பதுதான் அங்கே முதல் மீட்பு.

ஆறு

கொள்ளிடம் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிற ஆறு. மற்ற நாளில் மணலாகக் கிடக்கும். மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி திறந்தார்கள் என்று செய்தி வந்தாலே கரையோர நிலையங்களில் படகையும் லைஃப் ஜாக்கெட்டையும் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது அந்தத் தண்ணீரின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆடிப்பெருக்கு, கல்லூரி விடுமுறை, தீபாவளி மறுநாள், இந்த நாட்களில் குளிக்கப் போய் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போனால் அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம். மதகுகளுக்குக் கீழே தண்ணீர் சுழன்று உள்ளே இழுக்கும். அங்கே நல்ல நீச்சல்காரனும் தப்புவது கஷ்டம்.

உயிரோடு தத்தளிப்பவரைக் கண்டால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். கரையிலிருந்து மூங்கிலோ மட்டையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு கட்டிய டியூப்பை எறியுங்கள். அதுவும் முடியாவிட்டால் படகு. எதுவுமே ஆகாதபோதுதான், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்திப் போவது. முழுகுபவர் கையில் கிடைத்ததைக் கட்டிப்பிடிப்பார், அது உங்கள் கழுத்தாகவும் இருக்கும். பின்பக்கமாகத்தான் போக வேண்டும். கரைக்குக் கொண்டுவந்தவர் மூச்சு இல்லாமல் இருந்தால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சு கொடுங்கள். பிறகு நடு நெஞ்சில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

தேடுதல் வேறு மாதிரி வேலை. பாதாளக் கரண்டியை (பல கொக்கிகள் உள்ள இரும்புக் கருவி) கயிற்றில் கட்டி, கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து நீரோட்டத்தோடு மெல்ல மெல்ல இழுப்போம். அந்த ஊர் மீனவரையோ பரிசல்காரரையோ கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வளைவில் எது ஒதுங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கரையில் தாய் தகப்பன் நின்றுகொண்டிருப்பார்கள். கிடைத்ததும் தண்ணீரிலேயே ஒரு துணியைப் போர்த்திவிட்டுத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இதை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நீங்கள் மறக்கக் கூடாது.

கிணறும் செப்டிக் டேங்கும்

விழுந்த ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று ஒரே குழியில் மூன்று பேர் போவது இங்கேதான். பயன்படாத கிணற்றிலும் செப்டிக் டேங்கிலும் ஆக்சிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி விஷவாயு இருக்கும். அழுகிய முட்டை வாசனை அடித்து, பிறகு வாசனையே தெரியாமல் போனால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் மேலே இரண்டு ஆளும் இல்லாமல் இறங்காதீர்கள், நிலைய அலுவலரே சொன்னாலும்.

மாடு விழுந்த கிணறு என்றால் பழைய ஹோஸை மடித்து வயிற்றுப் பட்டையாகப் போடுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்கால்களுக்கு முன்னால் ஒன்று. கழுத்தில் கயிறு போட்டு இழுக்கக் கூடாது. மேலே வந்ததும் அது உதைத்துக்கொண்டு ஓடும், வழியை விடுங்கள்.

மற்ற அழைப்புகள்

பாம்பு நிறைய வரும், மழைக்குப் பின் இன்னும் அதிகம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பார்த்ததும் சொல்லத் தெரிய வேண்டும். பிடித்து வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். யாரையாவது கடித்திருந்தால் பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கதண்டு (விஷக் குளவி) அழைப்பை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பனை உச்சியிலும் தென்னையிலும் கூடு கட்டியிருக்கும். வயல் வேலைக்குப் போனவர்களைக் கூட்டமாகக் கொட்டி உயிர் போன சம்பவங்கள் உண்டு. பகலில் அந்தப் பக்கம் யாரையும் போகவிடாமல் தடுத்துவிட்டு, இருட்டிய பிறகு முழு உடம்பையும் மூடிக்கொண்டு தீப்பந்தத்தோடு செய்கிற வேலை அது. கூரை வீடுகளும் போரும் பக்கத்தில் இருந்தால் முதலில் ஹோஸை விரித்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நாள் கணக்கில் மரம்தான் அறுத்தோம். சாய்ந்த தென்னையை அறுக்கும்போது வேர்க் கட்டை திடீரென்று நிமிரும், குழிப் பக்கம் நிற்காதீர்கள். அழுந்தியிருக்கும் பக்கம் முதலில் கொஞ்சம், விரைத்திருக்கும் பக்கம் பிறகு மீதி என்று அறுத்தால் ரம்பம் சிக்காது. அந்த நாட்களில் சாலையைத் திறக்க ஒரு மரத்தை அறுத்துத் தள்ளினால், தென்னந்தோப்புக்காரர் வந்து அந்த மரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

பந்தலும் கூட்டமும்

1997 ஜூன் 7-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீ. 48 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் தீ. 50-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், மாப்பிள்ளையும் உட்பட. அதே வருடம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். மூன்று இடத்திலும் மேலே கீற்று, கீழே கூட்டம், வெளியேற வழி குறைவு. மூன்றும் எட்டு வருடத்துக்குள், ஒரே காவிரிப் படுகையில்.

அதனால் ஆய்வுக்குப் போகச் சொன்னால் அதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் சமையல் எங்கே நடக்கிறது என்று முதலில் பாருங்கள். மாடிப்படி எத்தனை, அதன் அகலம் என்ன, கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, ஜன்னல் கம்பி நிரந்தரமா என்று பாருங்கள். அவசர வழியில் பழைய பெஞ்சை அடுக்கி வைத்திருப்பார்கள். எடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிடாமல், எடுக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். திருவிழாப் பந்தலில் சீரியல் விளக்கு ஒயர் கீற்றோடு ஒட்டிப் போகிறதா, வாணவேடிக்கை எங்கே, எத்தனை பக்கம் வெளியே போகலாம் என்று கேளுங்கள். விழாக் குழுவினர் உங்கள் மேல் கோபப்படுவார்கள். பெரிய மனிதர்கள் போன் செய்வார்கள். எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். 1985-ஆம் வருடத் தீயணைப்புப் பணிகள் சட்டம் உங்கள் பின்னால் இருக்கிறது.

கும்பகோணத்தில் அன்று பணியில் இருந்த இரண்டு மூத்தவர்களோடு பிறகு வேலை பார்த்தேன். அவர்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆனால் எந்தப் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனாலும் வகுப்பறையில் பிள்ளைகளை எழுப்பி, வாசல் வரை நடக்கச் சொல்லி, வாட்சில் நேரம் பார்ப்பார்கள். நானும் அதையே செய்துவந்தேன்.

மேலே போகும் படிகள்

தீயணைப்பாளர், முன்னணித் தீயணைப்பாளர், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர், துணை இயக்குநர் என்று படிகள் போகும். ஓட்டுநர் வழி தனி. கீழிருந்து வருபவருக்கு மெதுவாகத்தான் நகரும். காத்திருக்கிற வருடங்களில் பம்பு, மீட்புக் கருவி, முதலுதவி என்று எந்தப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் கையைத் தூக்குங்கள். 1956-ல் தொடங்கிய தேசியத் தீயணைப்புக் கல்லூரி நாக்பூரில் இருக்கிறது. வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். அறிக்கை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் எரிந்த குடும்பம் உங்கள் அறிக்கையைத்தான் கையில் எடுத்துக்கொண்டு அலையும். அதில் ஒரு பெயர், ஒரு கதவு எண் தப்பாக இருந்தால் அவர்கள் பல மாதம் நடப்பார்கள்.

முன்னணித் தீயணைப்பாளர் ஆனதும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை முதல் ஆளாக உள்ளே போயிருப்பீர்கள். இனி வெளியே நின்று, உள்ளே போனவர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது பழக இரண்டு வருடம் ஆனது.

உடம்பும் வீடும்

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் வேலைகளில் முதல் பிரிவில் சேர்த்தது. எங்கள் காலத்தில் கரி படிந்த சட்டையைப் பெருமையாக நினைத்தோம். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். தீ அணைந்த பிறகு புகையும் நேரத்தில்தான் மூச்சுக் கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். அப்போதும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். சீருடையை நிலையத்திலேயே துவையுங்கள். பிள்ளைகளின் துணியோடு சேர்த்துப் போடாதீர்கள்.

சில அழைப்புகள் ராத்திரியில் திரும்ப வரும். குழந்தை சம்பந்தப்பட்டவை எப்போதும் வரும். குடித்து மறக்கப் பார்த்தவர்கள் சீக்கிரம் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்களிடம் பேசுங்கள். தூக்கம் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏப்ரல் 14-ல் நிலையத்தில் நீத்தார் நினைவு நாள் நடக்கும். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அன்றைக்கு ஒருநாள் வீட்டாரை நிலையத்துக்குக் கூட்டி வந்து வண்டியை, கயிற்றை, நீங்கள் படுக்கும் கட்டிலைக் காட்டுங்கள். பயம் கொஞ்சம் குறையும்.

அழைப்பு முடிந்து எந்த நேரத்தில் திரும்பினாலும் வரிசை ஒன்றுதான். முதலில் டேங்கை நிரப்புங்கள். ஈர ஹோஸை அலசித் தொங்கவிட்டுக் காய்ந்ததை வண்டியில் ஏற்றுங்கள். சிலிண்டரை மாற்றுங்கள். டீசல் பாருங்கள். பிரம்புக் கூடை இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டில் அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிப் புதிதாகத் தெரிந்ததை எழுதுங்கள். அப்புறம் குளித்துவிட்டு, எவ்வளவு நேரமானாலும், வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள்.